ஆட்டு மடிநோய்: எந்தச் சோதனை, எந்தச் சிகிச்சை?

கறவை ஆடு வளர்ப்பவர்கள் மடிநோய் பற்றிக் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள். "பால் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, சோதனைத் தட்டில் மட்டும் குழகுழவென்று திரள்கிறது. மருந்து ஏற்றட்டுமா?" என்பது ஒன்று. "காம்புக்குள் டியூப் (காம்புத் துளை வழியே மருந்து ஏற்றும் குழாய்) போடுவதா, ஊசி போடுவதா?" என்பது மற்றது. இரண்டுக்கும் ஒரே வரியில் விடை சொல்பவரை நம்ப வேண்டாம். உங்கள் ஆடு கீழுள்ள மூன்று நிலைகளில் எதில் இருக்கிறது என்று தெரியாமல் சோதனையையும் தேர்ந்தெடுக்க முடியாது, மருந்தையும் தேர்ந்தெடுக்க முடியாது.

முதல் நிலையில் ஆடே நோயாளி. காய்ச்சல் இருக்கும், தீவனம் எடுக்காது, பின்னங்காலை அகட்டியோ நொண்டியோ நடக்கும். இரண்டாம் நிலையில் ஆடு தெம்பாக இருக்கிறது, பால் கெட்டிருக்கிறது. திப்பி, நூல் நூலான திரிகள், நீர்த்த மஞ்சள் நிறம், ஒரு பக்க மடியில் கடினம் என ஏதாவது தெரியும். மூன்றாம் நிலையில் ஆடும் பாலும் கண்ணுக்குக் குறையில்லை, சோதனை மட்டும் மாறிவருகிறது. வெள்ளாட்டு மந்தைகளில் இந்த மூன்றாவதுதான் மிக அதிகம். பெரும்பாலும் காரணம், தோலில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா வகைகளில் ஆரியஸ் என்பதைத் தவிர்த்த மற்றவை. அவசரப்பட்டு மருந்து வீணாவதும் இந்த நிலையில்தான்.

எதை வைத்து எடைபோடுவது

சோதனைகளை நான்கு கேள்விகளால் அளக்கலாம். வீக்கத்தைக் காட்டுகிறதா, கிருமியைக் காட்டுகிறதா? விடை எத்தனை நேரத்தில் வரும்? ஆட்டுப்பாலில் எங்கே ஏமாற்றும்? நான்காவதுதான் முக்கியம்: விடை எதுவாக வந்தாலும் நீங்கள் செய்யப்போவது ஒன்றேதான் என்றால், அந்தச் சோதனை எதற்கு?

சிகிச்சைக்கு வேறு அளவுகோல்கள்: ஆட்டின் உயிருக்கு ஆபத்து உண்டா, கிருமி எது, கறவையின் எந்தக் கட்டம், எத்தனை நாள் பாலைக் கொட்ட வேண்டும், அந்தப் பால் வழக்கமாக எங்கே போகிறது. பாலாக விற்பவருக்கும், தயிரும் பாலாடைக்கட்டியும் செய்பவருக்கும், குட்டிக்கு மட்டும் விடுபவருக்கும் விடை மாறும்.

பசுவின் அளவுகோல் ஏன் பொருந்தாது

சோதனைகளுக்குள் போவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். மடி வீங்கினால் பாலில் வெள்ளணு போன்ற செல்கள் பெருகும்; பல சோதனைகள் பார்ப்பது இந்தப் பெருக்கத்தைத்தான். ஆட்டு மடியில் பால் சுரக்கும்போது சுரப்புச் செல்களின் நுனியும் உடைந்து பாலோடு கலக்கிறது. வெள்ளணு அளவிலான, ஆனால் உட்கரு இல்லாத துணுக்குகள் அவை. டி.என்.ஏ.-வைக் குறிவைத்து எண்ணாத முறையில் இவையும் செல்களாகவே கணக்கில் ஏறும். அது போதாதென்று, கறவைக் காலத்தின் கடைசியிலும் சினைப்பருவத்திலும் நலமான ஆட்டின் உண்மையான செல் எண்ணிக்கையே உயரும். மில்லிக்குப் பத்து லட்சத்தைத் தொடுவதும் உண்டு. அமெரிக்காவில் பசும்பாலுக்கு மில்லிக்கு 7.5 லட்சம் என்றும் ஆட்டுப்பாலுக்கு 15 லட்சம் என்றும் வரம்பு தனித்தனியாக இருப்பது இதனால்தான்.

ஆகவே, எண்ணைக் காட்டிலும் வித்தியாசம் பேசும். ஆட்டுக்கு இரண்டே காம்புகள், உள்ளே ஒன்றோடொன்று கலக்காத இரண்டு சுரப்பிகள். பருவமும் வயதும் தீவனமும் இரண்டையும் ஒன்றுபோலவே பாதிக்கும், கிருமி பெரும்பாலும் ஒன்றைத்தான் பிடிக்கும். இடதுக்கு வலதுதான் அளவுகோல். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கண்டறிதல்: கையும் கறுப்புத் தட்டும்

தினமும் செய்ய வேண்டியது இது ஒன்றுதான். கறப்பதற்கு முன் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் மூன்று நான்கு பீச்சுகளைக் கறுப்புத் தட்டிலோ, கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்திலோ விட்டுப் பாருங்கள். உள்ளங்கையிலோ தரையிலோ பீச்சிப் பார்க்கக் கூடாது, கிருமி அடுத்த ஆட்டுக்குப் போக அதுவே பாதை. கறந்து முடித்தபின், மடி தளர்ந்திருக்கும்போது இரு கைகளாலும் இரு பக்கங்களையும் ஒரே நேரத்தில் தடவுங்கள். சூடு, கட்டி, அளவு வேறுபாடு எல்லாம் அப்போதுதான் பிடிபடும். பால் நிறைந்த மடியைத் தொட்டுப் பார்த்துக் கடினம் என்று சொல்வதில் பொருளில்லை.

ஏமாற்றுபவை மூன்று. ஈன்ற நாட்களில் மடித்தோலில் நீர் கோத்து வீங்கும்; விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்ல மேலெழும், பால் சுத்தமாக இருக்கும். அதே நாட்களில் நுண்ணிய நாளங்கள் உடைந்து பால் இளஞ்சிவப்பாக வருவதும் உண்டு, பெரும்பாலும் சில நாட்களில் தானே நிற்கும். மூன்றாவது சிக்கலானது. ஈன்றதும் இரு பக்கமும் கல்போல் இறுகி, பால் மட்டும் மிகக் குறைவாக, ஆனால் பார்வைக்குச் சுத்தமாக வந்தால் அது பாக்டீரியா வேலையாக இல்லாமல், ஆட்டு மூட்டழற்சி–மூளையழற்சி வைரஸாக இருக்கலாம். எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது. தேவைப்படுவது ரத்தப் பரிசோதனை.

கையும் தட்டும் மூன்றாம் நிலையைக் காட்டாது. இந்த முறையின் குறை அவ்வளவே.

கண்டறிதல்: கலிபோர்னியா சோதனை

பால் தட்டில் திரள்கிறதா என்று பார்க்கும் சோதனை இதுதான். ஷால்ம், நூர்லேண்டர் என்ற ஆய்வாளர்கள் 1957-ல் பசுக்களுக்காக உருவாக்கியது. கரைசலில் உள்ள சலவைப்பொருள் செல்லை உடைக்கிறது, வெளிவரும் டி.என்.ஏ. திரண்டு கூழாகிறது. உட்கருவற்ற துணுக்குகளில் டி.என்.ஏ. இல்லாததால் இச்சோதனை அவற்றிடம் ஏமாறாது. ஆட்டுக்கு இது வாய்த்த நல்ல பொருத்தம்.

முதல் மூன்று பீச்சுகளைத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் தட்டின் தனித்தனிக் குழிகளில் கறந்து கொள்ளுங்கள். தட்டைச் சாய்த்து இரண்டிலும் 2 முதல் 3 மில்லி மட்டும் நிற்குமாறு செய்து, அதே அளவு கரைசல் ஊற்றி, கிடையாக வைத்து 10 முதல் 15 விநாடி சுழற்றுங்கள். சுழற்றும்போதே படியுங்கள், லேசான திரட்சி 20 விநாடிக்குள் கலைந்துவிடும். கரைசல் கூடினாலும் குறைந்தாலும் விடை கெடும்.

திரட்சியின் அளவைப் படிகளாகக் குறிப்பார்கள். ஆட்டில் லேசான தடயமும் முதல் படியும் பெரும்பாலும் இயல்பே. இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தால், அதுவும் கறவையின் கடைசி மாதங்களில் என்றால், குறித்துக்கொண்டு விட்டுவிடலாம். ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் கூழாகவும் இருந்தால்தான் கவனிக்க வேண்டியது. ஈன்ற முதல் ஐந்து நாட்களில் சீம்பாலின் செல்களே திரளும் என்பதால் அப்போது செய்வது வீண். வீட்டுச் சலவைத்தூள் கரைசலும் திரளத்தான் செய்யும். ஆனால் தூளுக்குத் தூள் வலு மாறுவதால் போன மாத விடையோடு இந்த மாத விடையை ஒப்பிட முடியாது. ஒப்பீட்டுக்காகவே செய்யும் சோதனையில் அது பெரிய குறை.

மின்கடத்தல் கருவி, காரத்தாள், செல் எண்ணிக்கை

வீங்கிய மடியில் ரத்தத்தின் சோடியமும் குளோரைடும் பாலுக்குள் கசியும். பால் மின்சாரத்தை அதிகம் கடத்தும், சற்றுக் காரமாகும். கருவியும் தாளும் இதைத்தான் பார்க்கின்றன. ஆட்டுக்கு ஆடு இயல்பான அளவே பரவலாக மாறுவதால் ஒற்றை எண்ணை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். தினமும் இரு பக்கமும் தனித்தனியே அளந்து எழுதிவைக்கும் இயந்திரக் கறவைப் பண்ணைக்குக் கருவி உதவும். காரத்தாளுக்குக் கலிபோர்னியா தட்டே மேல்.

ஆய்வகச் செல் எண்ணிக்கை மாதாமாதம் மந்தையின் போக்கைப் பார்க்க நல்லது. அனுப்புமுன் டி.என்.ஏ. சார்ந்த முறையில்தான் எண்ணுகிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் எண் பயமுறுத்துவதற்கு மட்டுமே பயன்படும்.

கண்டறிதல்: கல்ச்சர்

கல்ச்சர் என்பது பால் மாதிரியில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது. மேலே சொன்னவை எல்லாம் வீக்கத்தைக் காட்டுபவை. இங்கே பார்க்கும் சோதனைகளில் எந்தக் கிருமி என்று சொல்வது இது ஒன்றுதான். மாதிரி எடுப்பதில் பிழை வந்தால் ஆய்வகம் உங்கள் கைக் கிருமியைத்தான் வளர்த்துக் காட்டும்.

காம்பு உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று பீச்சுகளைத் தள்ளியபின், 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் காம்பு நுனியைப் பஞ்சில் அழுக்கு படியாத வரை துடையுங்கள். பக்கவாட்டில் உட்கார்ந்து எடுப்பதானால் தொலைவான காம்பை முதலில் துடைத்து, அருகிலுள்ளதை முதலில் கறக்க வேண்டும். அப்போதுதான் கை துடைத்த காம்பில் உரசாது. மூடியின் உட்புறம் கீழ்நோக்கியபடி பிடித்து, குழாயைச் சாய்த்து, நுனி தொடாமல் 3 முதல் 5 மில்லி போதும். உடனே குளிரவைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் உறையவைக்கலாம். மருந்து ஒரு துளி உள்ளே போவதற்கு முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டும். "இரண்டு டியூப் போட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை, இப்போது கல்ச்சர் எடுக்கலாமா?" என்று வருபவர்களுக்குப் பல வேளைகளில் கிருமி வளராத வெறும் தட்டுதான் பதிலாகக் கிடைக்கும்.

சாதாரண பாக்டீரியா 24 முதல் 48 மணி நேரத்தில் வளரும். மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா வகை சாதாரண ஊடகத்தில் வளரவே வளராது. மடிநோயோடு மூட்டு வீக்கமும் கண் சிவப்பும் மந்தையில் இருந்தால், அதைத் தனியாகக் கேட்டு அனுப்புங்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் விட்டுவிட்டுத்தான் பாலில் இறங்கும் என்பதால் ஒருமுறை எதிர்மறையாக வந்ததும் நிம்மதி அடைய வேண்டாம். ஒரே மாதிரியில் மூன்றோ அதற்கு மேலோ கிருமி வகைகள் வந்தால் மாதிரி அசுத்தம் என்று கொள்க.

| முறை | காட்டுவது | நேரம் | ஆட்டில் ஏமாற்றும் இடம் | எப்போது இதுவே மேல் |
|---|---|---|---|---|
| கை, கறுப்புத் தட்டு | கண்ணுக்குத் தெரியும் நோய் | உடனே | ஈன்றபின் நீர்வீக்கம், ரத்தம் கலந்த பால் | தினமும், எல்லா ஆடுகளுக்கும் |
| கலிபோர்னியா சோதனை | செல் பெருக்கம் | 20 விநாடி | சீம்பால் நாட்கள், கடைசி மாதங்கள், சினைப்பருவம் | மாதம் ஒருமுறை, கறவை நிறுத்துமுன், ஆடு வாங்குமுன் |
| மின்கடத்தல் கருவி | உப்புக் கசிவு | உடனே | ஆட்டுக்கு ஆடு மாறும் இயல்பு அளவு | தினப் பதிவு வைக்கும் இயந்திரக் கறவை |
| ஆய்வகச் செல் எண்ணிக்கை | மந்தையின் போக்கு | சில நாட்கள் | டி.என்.ஏ. சாராத முறை | பால் விற்பனைப் பண்ணை |
| கல்ச்சர் | கிருமியின் பெயர் | 1–2 நாள், மைக்கோபிளாஸ்மாவுக்கு அதிகம் | அசுத்த மாதிரி, மருந்துக்குப் பின் எடுத்த மாதிரி | சிகிச்சை முடிவு அதைப் பொறுத்திருக்கும்போது |

சிகிச்சை: ஆடே நோயாளி என்றால்

இங்கே ஒப்பீட்டுக்கு நேரமில்லை. ஆட்டின் இயல்பான வெப்பநிலை 38.5 முதல் 39.5 டிகிரி செல்சியஸ். 40-ஐத் தாண்டி, மடியும் வீங்கியிருந்தால் அன்றே மருத்துவர் வேண்டும். மடி முதலில் சூடாகி, பின் சில்லென்று குளிர்ந்து, நீலம் பாய்ந்து கறுத்து, நல்ல தோலுக்கும் கெட்ட தோலுக்கும் நடுவே கோடு விழுந்தால் அது அழுகல் மடிநோய். பீச்சினால் பாலுக்குப் பதில் சிவந்த நீர் வரும். பெரும்பாலும் ஆரியஸின் நச்சு செய்யும் வேலை, ஓரிரு நாளில் ஆடு போய்விடலாம். இந்தக் கட்டத்தில் வெப்பமானி 40 காட்டாமல் இயல்புக்குக் கீழே போவதைக் காய்ச்சல் இறங்கிவிட்டதாக எண்ணி ஏமாறுபவர்கள் உண்டு. அது அதிர்ச்சி நிலை.

இப்போது தேவை உடல் முழுதும் போகும் ஆன்டிபயாடிக் ஊசி, வலியும் நச்சும் தணிக்கும் மருந்து, ரத்தக்குழாய் வழித் திரவம். காம்பு டியூப் மட்டும் போட்டுக் காத்திருப்பது ஆட்டை இழக்கும் வழி. ரத்த ஓட்டம் நின்ற மடிக்குள் போட்ட மருந்து எங்கும் போகாது. உயிர் பிழைத்தாலும் அந்தப் பக்கம் திரும்பாது. கறுத்த திசு வாரக்கணக்கில் உரிந்து விழும், புண் ஆற மாதங்கள் ஆகலாம். வடிகாலுக்காகக் காம்பை வெட்டுவதும் மடியை அகற்றுவதும் மருத்துவரின் கைவேலை.

ஊசி பற்றி ஓர் எச்சரிக்கை: டில்மிகோசின் மாட்டுக்குப் பழக்கமான மருந்து, ஆட்டுக்கு ஊசியாகப் போட்டால் உயிரைப் பறிக்கலாம். போடுபவரின் கையில் தவறிக் குத்தினாலும் ஆபத்து.

சிகிச்சை: பால் கெட்டிருக்கிறது, ஆடு நலம்

டியூபா ஊசியா என்ற கேள்வி உண்மையில் இந்த நிலைக்கு உரியது. பொதுவாக டியூப் முந்தும், மருந்து நோய் இருக்கும் இடத்திலேயே செறிவாக நிற்கும் என்பதால். ஊசியில் எல்லாம் பாலுக்குள் ஏறுவதில்லை: டைலோசின் போன்றவை நன்றாக ஏறும், ஜென்டாமைசினும் சாதாரண பென்சிலினும் சரியாக ஏறா. மைக்கோபிளாஸ்மா என்றால் பென்சிலின் வகை எந்த வழியில் போனாலும் பயனில்லை. அது தாக்கும் செல்சுவரே அந்தக் கிருமிக்குக் கிடையாது. இரு பக்கமும் பாதிப்பு, மடி ஆழத்தில் கடினம், டியூப் மூக்கு நுழையாத அளவு குறுகிய காம்புத் துளை என்றால் ஊசி மேல். சில வேளை இரண்டும் சேர்த்துத்தான்.

டியூப் போடும் கை சுத்தமாக இல்லாவிட்டால் போடாமலிருப்பதே நல்லது. முழுதும் கறந்து காலியாக்கி, நுனியை ஆல்கஹாலால் துடைத்து, மூக்கை 3 முதல் 4 மில்லிமீட்டர் மட்டும் நுழையுங்கள். முழுதாகச் செருகினால் துளையைக் காக்கும் கெராட்டின் பூச்சு உரிந்து, அதுவே அடுத்த நோய்க்குக் கதவு திறக்கும். மருந்தை மேல்நோக்கித் தடவிவிட்டு, காம்பை அயோடின் கரைசலில் முக்குங்கள். மாட்டு டியூப் பெரிதாக இருக்கிறதே என்று ஒன்றை இரு பக்கத்துக்கும் பங்கிடாதீர்கள். அளவு குறைவதோடு ஒரு பக்கக் கிருமி மறுபக்கம் போகும். பெரிய புட்டியிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சி ஏற்றும் வழக்கம் இன்னும் மோசம். ஈஸ்ட், சூடோமோனாஸ் போன்றவை மடிக்குள் குடியேறும் வழி அது, பிறகு எந்த மருந்தும் எளிதில் கேட்காது.

மறைமுகச் செலவு பாலில் இருக்கிறது. பெரும்பாலான டியூப்கள் பசுவுக்காக அச்சிட்ட நாட்கணக்கோடு வருகின்றன. ஆட்டில் மருந்து வேறு வேகத்தில் வெளியேறுவதால் மருத்துவர் கூடுதல் நாட்களைச் சொல்வார். அந்த எண்தான் செல்லும். ஒரு பக்கம் மட்டும் மருந்து போட்டாலும் ரத்தம் வழியாக மறுபக்கத்துக்கும் போகும், எனவே இரு பக்கப் பாலையும் ஒதுக்க வேண்டும். மறந்துபோய் ஒரு ஆட்டின் பால் பொதுப் பாத்திரத்தில் சேர்ந்தால் தயிர் உறையாது, பாலாடைக்கட்டியின் உறைநுண்ணுயிர் செத்துவிடும். பால் தெளிந்ததும் மருந்தை நிறுத்துவதும் ஒரு செலவுதான், மூன்று வாரத்தில் அதே பக்கம் மறுபடி திரளும்போது தெரியும்.

ஆன்டிபயாடிக் இல்லாமல், அடிக்கடி கறந்தும் மெலோக்சிகாம் போன்ற வலி மருந்து கொடுத்தும் பார்ப்பது? கல்ச்சர் விடை வரும் வரையிலான ஓரிரு நாளுக்கு, ஆடு தெம்பாக இருந்தால், நியாயமான வழி. கிருமி வளரவில்லை என்று விடை வந்தால் அப்படியே தொடரலாம். வலி மருந்துக்கும் பால் ஒதுக்கும் நாட்கள் உண்டு. ஆரியஸ் என்று வந்தபின்னும் இதையே நம்பியிருப்பது வீண். கெட்ட பாலைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம் என்ற எண்ணத்தையும் விடுங்கள். ஆரியஸ் செத்தாலும் அதன் நச்சு கொதிநிலையைத் தாங்கும்.

சிகிச்சை: சோதனை மட்டும் மாறிவருகிறது

எங்கள் நிலைப்பாடு வெளிப்படையானது: கறவையின் நடுவில் இதற்கு மருந்து ஏற்றுவது பெரும்பாலும் நட்டம். தோல்வாழ் ஸ்டெஃபிலோகாக்கஸ் சில தானே ஒழியும், மீதிக்குக் கறவை நிறுத்தும் நாள் நல்ல வாய்ப்பு. அப்போது கொட்ட வேண்டிய பால் இல்லை, மருந்து வாரக்கணக்கில் மடிக்குள் தங்கும். அதுவரை அந்த ஆட்டைக் கடைசியில் கறங்கள், கறந்தபின் காம்பை முக்குங்கள், அதன் பாலைக் குட்டிகளின் பொதுப் பாத்திரத்தில் சேர்க்காதீர்கள். கல்ச்சரில் ஆரியஸ் வந்தாலோ, ஈன்று சில வாரங்களே ஆகிக் கறவை நீண்டு கிடந்தாலோ மட்டும் நடுவில் சிகிச்சையை யோசிக்கலாம்.

நிறுத்தும்போது ஒரு வாரம் முன்பே அடர்தீவனத்தைக் குறைத்து, ஈனுவதற்கு ஏறக்குறைய 60 நாள் இருக்கையில் கறவையை ஒரேயடியாக நிறுத்தி, கடைசிக் கறவை முடிந்ததும் பக்கத்துக்கு ஒரு வற்றுக்கால டியூப் போடுவது முறை. எல்லா ஆட்டுக்குமா, தேர்ந்தெடுத்தா? சோதனைப் பதிவு கையில் இருந்தால் தேர்ந்தெடுத்தே போடுங்கள். நலமான காம்பைத் திறப்பதிலும் ஆபத்து உண்டு. பதிவே இல்லாத மந்தைக்கு முதல் ஆண்டு மருத்துவர் எல்லாவற்றுக்கும் சொல்லக்கூடும். ஈனும் தேதி தெரியாமல் போட்டால், எதிர்பார்த்ததற்கு முன்பே ஈன்றுவிட்ட ஆட்டின் சீம்பாலில் மருந்து இருக்கும். நிறுத்தியபின் மடி ஒன்றிரண்டு வாரம் புடைத்து நிற்பது இயல்பு. கையால் தொட்டுப் பாருங்கள், பீச்சிப் பார்க்காதீர்கள். பீச்சினால் மருந்தும் வெளியேறும், அடைபட்ட துளையும் திறக்கும்.

கழித்தல், அல்லது ஒரு பக்கத்தைக் கைவிடுதல்

மடிக்குள் உருண்டைக் கட்டிகள் நிலைத்துவிட்டன, வற்றுக்கால மருந்துக்குப் பின்னும் அதே பக்கத்தில் ஆரியஸ் திரும்புகிறது, மைக்கோபிளாஸ்மா உறுதியாகிவிட்டது என்றால் இன்னொரு டியூப் போடுவது மற்ற ஆடுகளைப் பணயம் வைப்பது. அந்த ஆட்டைக் கழிப்பதுதான் மலிவு. மைக்கோபிளாஸ்மா ஆடு நலமாகத் தோன்றிய பின்னும் கிருமியைச் சுமக்கும்.

கிருமி அடங்கி, ஒரு பக்கம் மட்டும் நாராகிப்போன நல்ல வம்ச ஆடு என்றால் அந்தப் பக்கத்தைக் கறக்காமல் வற்றவிட்டு, மறுபக்கத்தோடு தொடரலாம். அடுத்த ஈற்றில் அந்தப் பக்கம் புடைத்து வலித்தால் மட்டும் கவனித்தால் போதும். இரட்டைக் குட்டி போட்டால் ஒன்றுக்குப் புட்டிப்பால் தேவைப்படலாம்.

எந்தச் சிகிச்சை எடுத்தாலும், முடிந்த 14-ம் நாளும் 21-ம் நாளும் அதே பக்கத்தில் கல்ச்சர் எடுங்கள். கலிபோர்னியா சோதனை அதற்கு உதவாது. கிருமி போனபின்னும் மடியின் வீக்கம் தணியச் சில வாரங்கள் ஆகும், தட்டில் திரட்சி தொடர்ந்து தெரியும். அதைப் பார்த்துவிட்டு இரண்டாம் சுற்று மருந்து ஏற்றுபவர்கள்தான் அதிகம்.